கருவாயனை அடைச்சு வச்ச கதை

ஒரு ஊர்ல ஒரு வீம்பு புடிச்ச ஆளு இருந்தான் தாயி. யாருன்னு கேளு.

“யாரு தாத்தா?”

நாந்தேன். சிரிக்காத, போர்வைய இழுத்துப் போத்திக்க. அப்போ உங்கம்மா பள்ளிக்கூடம் போய்க்கிட்டிருந்தா, எனக்கு மீசை கருகருன்னு இருந்துச்சு. காவல் நாய்க்குப் பேர்போன கொம்பை ஊருக்குப் போயி ஒரு நாய்க்குட்டி வாங்கியாந்தேன். செவலை நெறம், வாயி மட்டும் கரிச்சட்டியில முக்கி எடுத்த மாதிரி கருப்பு. கருவாயன்னு பேரு வச்சேன். ரெண்டு உள்ளங்கைக்குள்ள அடங்கிரும். குய்யி குய்யின்னு என் கட்டைவெரல சப்பும். ம் சொல்லு.

“ம்.”

அப்புறம் என்ன, காவல் நாய்க்குட்டிய நாலு பேருகிட்ட பழக விட்டா அது திருடன் கையையும் நக்கும்னு ஊருக்குள்ள ஒரு நெனப்பு. நானும் நம்புனேன். கொம்பை நாயின்னா தெருவே நடுங்க வேணாமா? மொதல் நாளே கொல்லையில கம்பிக் கூண்டுக்குள்ள விட்டு, சுத்தித் தகரத்த அடிச்சேன். குட்டி வெளிய பாக்கக்கூடாது, வெளியாளு தொடக்கூடாது, சோறு நான் மட்டுந்தேன் வைப்பேன்.

மறுவாரம் பக்கத்து வீட்டுப் புள்ளைக கையில பொறை ரொட்டி வச்சுக்கிட்டு வந்து நின்னுச்சுக. “ஒரே ஒரு தடவ தொட்டுப் பாக்குறோம் மாமா.” குட்டி தகர இடுக்குல மூக்க விட்டு மோந்துக்கிட்டு நிக்குது. போங்கடான்னு வெரட்டிட்டேன்.

அப்போ ஆட்டுக்கெடை போடுற பிச்சையா வந்தான். கெடைக்குக் காவலா நாலு நாயி வளக்குறவன். “அண்ணே, குட்டி நாலு மாசம் ஆகுறதுக்குள்ள சந்தை, பஸ்ஸு, மேளம், சின்னப்புள்ளைக எல்லாத்தையும் பாத்துரணும். இல்லாட்டி பயந்த நாயாப் போயிரும். பயந்ததுதேன் கடிக்கும். நாலு நாளு என்கூட அனுப்புங்க.” இவன் என்ன எனக்குச் சொல்றதுன்னு எனக்குச் சுருக்குன்னு வந்துருச்சு. “உன் ஆட்டப் போயிப் பாருடா”ன்னுட்டேன்.

மூணாவதா உங்கம்மா வந்தா. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு டண்டணக்கு டண்டணக்குன்னு கொட்டு அடிக்கிறான். “அப்பா, அது சத்தம் கேட்டு ஒண்ணுக்குப் போயி நடுங்குதுப்பா. தூக்கி வச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறேன், பழகிரும்.” அழுதா. முடியவே முடியாதுன்னுட்டேன். மூணு பேரு வந்து கேட்டாக, மூணு பேருகிட்டயும் மாட்டேன்னு சொன்னது இந்த வாய்தேன். தூங்கிட்டியா?

“ம்ம்… இல்ல.”

அப்புறம் நாயி வளந்துச்சு. உர்ர்ருங்கும். லொள் லொள்ளுன்னு கொலைச்சா தகரம் அதிரும். பால்காரன் தெருவ மாத்திப் போவான். எனக்கு அதுல ஒரு பெருமை. வீரம்னு நெனச்சேன், அம்புட்டும் பயம்னு எனக்குத் தெரியல.

ஏழு வருசம் போச்சு. உங்கம்மா தலைப்பிரசவத்துக்கு நம்ம வீட்டுக்கு வந்தா. உன் அண்ணன் கவின் பொறந்தான். ஆஸ்பத்திரியில இருந்து கொண்டாந்த அன்னிக்கு வீல்னு ஒரு அழுகை. அந்தச் சத்தத்த அது அதுவரைக்கும் கேட்டதே இல்ல. படார்! கூண்டுக் கொண்டி தெறிச்சிருச்சு. ஒரே பாய்ச்சலா தொட்டில் கிட்ட வந்துருச்சு. நான் குறுக்க விழுந்தேன். இந்தா, முழங்கையில தொட்டுப் பாரு, அந்தத் தழும்புதேன்.

“வலிச்சுச்சா தாத்தா?”

கை வலிக்கல தாயி. கடிச்சது என்னையன்னு தெரிஞ்சதும் வெடுக்குன்னு விட்டுட்டு, மூலையில ஒண்டிக்கிட்டு நடுங்குச்சு பாரு, அதத்தேன் என்னால இன்னும் தாங்க முடியல. உங்கம்மா புள்ளைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, “அன்னிக்கே சொன்னேன்லப்பா”ன்னா. அம்புட்டுத்தேன் சொன்னா. அதுக்கு மேல நாய வீட்ல வைக்க முடியுமா?

யாரும் வாங்கிக்கல. திராட்சத் தோட்டத்துக் குருவம்மா மட்டும் “இங்க கெடக்கட்டும்ணே”ன்னா. நீளமா ஒரு சங்கிலி போட்டுக் கட்டுனா. தெனமும் சோத்த வச்சிட்டு, பத்தடி தள்ளி உக்காந்து அவ பாட்டுக்கு வேலை பாப்பா. அப்புறம் ஒம்பதடி, அப்புறம் எட்டடி. அவ கையில இருந்து அது ஒரு வாய் வாங்கித் திங்க எட்டு மாசம் ஆச்சு. குட்டியில எட்டு நாளு வேலை தாயி அது.

ஒரு நா பாக்கப் போனேன். பந்தலுக்கு அடியில வேலைக்கு வந்தவுக புள்ளைக ஓடிப் புடிச்சு விளையாடுதுக. கருவாயன் அவுக பக்கமாத் திரும்பி உக்காந்து கண்ணெடுக்காமப் பாத்துக்கிட்டிருக்கு. உன் வயசுப் பொண்ணு ஒண்ணு தூரத்துல நின்னு “வா… வா…”ன்னு கைய நீட்டுச்சு. கருவாயனுக்கு வாலு ஆடுது. காலு பின்னால போகுது. வாலு ஆடிக்கிட்டே இருக்கு, காலு பின்னால பின்னால போகுது. ஆசை இருந்துச்சு தாயி, அதுக்கு ரொம்ப ஆசை இருந்துச்சு. எப்படிப் போறதுன்னுதேன் தெரியல.

“பாவம்…”

ம். அப்புறம் என்னையப் பாத்துருச்சு. சங்கிலிய இழுத்துக்கிட்டு ஓடியாந்து என் காலடியில படுத்துக்கிச்சு. அதுக்கு என் மேல கோவமே இல்ல. கொஞ்சம் கோவப்பட்டிருந்தாக்கூடத் தேவலை.

கதைய இத்தோட சுருட்டி வச்சாச்சு. கண்ண மூடு தாயி.