காலித் துப்பாக்கியில் இருந்த குண்டு

கோணப்பட்டுக் கொளஞ்சிக்கு இருந்ததெல்லாம் முக்கால் காணி வேர்க்கடலை. அதில் பாதியை ஒரு காட்டுப்பன்றி தின்று தீர்த்திருந்தது. மீதியும் போனால் அந்த வருஷம் அடுப்பு எரியாது. பயிரைக் காக்கத் துப்பாக்கி வேண்டுமென்று எழுதிக்கொடுத்து உரிமம் வாங்கினான். கொடுத்த அதிகாரிக்கும் கோணப்பட்டுதான் சொந்த ஊர்.

மாமன் வடமலையையும் மச்சான் சின்னையனையும் கூட்டிக்கொண்டு டவுன் துப்பாக்கிக் கடைக்குப் போனான். பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற கடைக்காரர், வெள்ளைக்காரன் காலத்துக் கைத்துப்பாக்கிகள் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று முத்திரையும் தோலுறையுமாகப் பளபளத்தது. இன்னொன்று கீறல் விழுந்து கறுத்துக் கிடந்தது.

"அலமாரில வைக்கவா, சுடவா?"

"சுடத்தாங்க."

"அப்ப முத்திரையப் பாக்காதீங்க. குழல்ல துரு இருக்கக் கூடாது. கைக்கு அடங்கணும்."

மூவரும் உடனே கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"யாரு கைக்கு அடங்கணும் மாமா?" என்றான் சின்னையன்.

"பொதுவாத்தான சொன்னாரு. எல்லாரு கைக்குந்தான்" என்றார் வடமலை.

ஆறு கைகளும் தடவிப் பார்த்துக் கறுப்பையே தேர்ந்தெடுத்தன. கடைக்காரருக்கே ஆச்சரியம், சரியானதுதான் அகப்பட்டிருந்தது.

"ஒண்ணு ஞாபகம் வச்சிக்கங்க. காலியா இருந்தாலும் உள்ள குண்டு இருக்குதுன்னே நெனச்சி நடந்துக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தோட்டா எடுக்க உள்ளே போனார்.

"காலியாவே குண்டு இருக்குதாம். அப்புறம் தோட்டா எதுக்கு?" என்றார் வடமலை.

"போட்டா ரெட்டிப்பாயிடும் மாமா. வெடிச்சிரும்" என்றான் சின்னையன்.

கொளஞ்சி பணத்தை மேசைமேல் வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டான். தோட்டா வருவதற்குள் மூவரும் கிளம்பிவிட்டார்கள்.

பொழுது சாயப் பன்றி வந்தது. கொளஞ்சி சுட்டான். 'டிக்' என்றது. பன்றி கடலையை மென்றபடி நிமிர்ந்து பார்த்தது. ஆறு தரம் சுட்டும் அது சாகவில்லை.

"அதுக்கு யாரும் சொல்லித்தரல. என்னைச் சுடு மச்சான், எப்பிடிச் சாகறதுன்னு காட்டறேன்" என்று சின்னையன் முன்னால் போய் நின்றான்.

'டிக்.' சின்னையன் தொப்பென்று விழுந்தான். பன்றி மிரண்டு ஓடியது.

கொளஞ்சி தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அக்காளுக்கு என்ன பதில் சொல்வது? சின்னையனும் படுத்தபடியே கொஞ்சம் அழுதான்.

"பயிரக் காக்க உசுரக் குடுத்தவன். இங்கியே பொதைக்கணும்" என்றார் வடமலை.

ஊரில் குழி வெட்டத் தெரிந்தவன் சின்னையன் ஒருவன்தான். அவனே இறங்கினான். காலை அகட்டித் தூங்குகிறவன் என்பதால் தாராளமாக வெட்டினான். பன்றி விட்டுவைத்த கடலையெல்லாம் வேரோடு மேலே வந்து குவிந்தது.

திரும்பி வந்த பன்றி அந்தக் குவியலில் வாய் வைத்தது. கொளஞ்சியும் வடமலையும் கண்ணை மூடிக் கும்பிட்டு நின்றார்கள்.

சின்னையன் குழியிலிருந்து தலையை நீட்டினான். "மாமா, கடலைய பன்னி திங்குதுன்னு மச்சாங்கிட்ட சொல்லுங்க. செத்தவன் நான் பேசக் கூடாது."