எதிர் ஆணியும் மண்குளவியும்

கோவில்பட்டியில் ஒரு வீட்டுக் கூடத்தில் இரண்டு ஆணிகள் இருந்தன. ஒன்று வாசலுக்கு நேர் எதிரே, வருகிறவர் கண் முதலில் படும் இடத்தில். மற்றது இரண்டடி தள்ளி, சுவிட்ச் பலகையை ஒட்டி. எதிர் ஆணியில் மூத்த மருமகள் செண்பகவல்லியின் கல்யாணப் படம் ஆறு வருடம் தொங்கியது. போன வருடம் கோமதி இளைய மருமகளாக வந்ததும், மாமியார் உலகம்மாள் புதுப் படத்தை அங்கே மாட்டிப் பழையதைச் சுவிட்ச் பக்கம் ஒதுக்கினார். இரண்டும் ஒரே அளவுச் சட்டம். செண்பகவல்லி விளக்குப் போடக் கை நீட்டும்போதெல்லாம் எதிர்ப் படத்தை ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான்.

இருவருக்கும் இன்னும் பிள்ளை இல்லை.

ஆவணியில் ஒரு மண்குளவி ஜன்னல் வழியே வந்து கோமதியின் படச் சட்டத்தில், கீழ் மூலையில் கூடு கட்டத் தொடங்கியது. வீட்டுக்குள் குளவி கூடு கட்டினால் பிள்ளை வரும் என்று அந்தப் பக்கத்தில் நம்புவார்கள். குளவி கரிசல் மண்ணை உருண்டை உருண்டையாகக் கொண்டுவந்து மூன்று அறைகள் எழுப்பியது. கொட்டி மயக்கிய சிலந்திகளை ஒவ்வோர் அறையிலும் திணித்து, முட்டையிட்டு, வாயை அடைத்தது. அது முடியும்வரை கூடத்தில் ஃபேன் போட உலகம்மாள் யாரையும் விடவில்லை.

"குளவி எவ படத்துல உக்காருதோ அவதான் பெறப்போறவ. வெள்ளிக்கிழம அம்மன் கோயில்ல அவ பேருக்குத் தொட்டில் கட்டிருவோம்" என்றார்.

"ரெண்டு பேருக்கும் கட்டலாமே அத்தை?" என்றாள் கோமதி.

"ரெண்டு கட்டுனா யாருக்குக் குடுக்கன்னு ஆத்தா முழிப்பா. ஒண்ணுதான்."

அன்று செய்த கேசரியில் முந்திரியெல்லாம் கோமதியின் தட்டில் விழுந்தது. செண்பகவல்லியின் தட்டில் கேசரி மட்டும் இருந்தது.

வியாழன் மதியம். மாமியார் தூக்கத்தில் இருந்தார். கோமதி தையல் கடைக்குப் போயிருந்தாள். செண்பகவல்லி இரண்டு படங்களையும் இறக்கித் துடைத்து, இடம் மாற்றி மாட்டினாள். கூட்டில் கை படாமல் பார்த்துக்கொண்டாள். தன் ஆணி தனக்கு வேண்டும். அதற்கு மேல் அப்போது அவளுக்கு எண்ணமில்லை.

கொஞ்ச நேரத்தில் குளவி வாயில் மண்ணோடு வந்தது. இரண்டடி தள்ளியிருந்த தன் கூட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே எதிர் ஆணிக்குப் பறந்து, செண்பகவல்லியின் சட்டத்துக் கீழ் மூலையில் மண்ணை அப்பியது. போய்ப் போய் வந்தது. பொழுது சாயும்வரை மண்தான் வந்தது. சிலந்தி ஒன்றுகூட வரவில்லை.

உலகம்மாள் எழுந்து வந்து பார்த்தார். "அடியாத்தீ! குளவி மூத்தவகிட்டல்லா வந்துட்டு!" சாயங்காலக் காப்பி முதலில் செண்பகவல்லிக்குப் போனது.

கோமதி திரும்பி வந்து சுவரைப் பார்த்தாள்.

"யக்கா, காலையில அந்த ஆணியில எங்க படம்லா இருந்துச்சு?"

"தொடச்சேன். மாத்தி மாட்டிட்டேன்."

"நல்லாத்தான் தொடச்சிருக்கீங்க. மூணு ரூம்பு கட்டி முடிச்சது எங்க படத்துல. இப்ப வந்து மண்ண அப்புனா ஒங்களுக்கு ஆயிருமா?"

"நானா குளவியக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தேன்? அதுவா என்னத் தேடி வந்துது. ஒனக்கு முந்தி ஆறு வருசம் நான் தொங்குன ஆணி அது."

"தொங்குனது படம்க்கா."

"ரெண்டு பேரும் வாய மூடுங்கட்டி" என்றார் உலகம்மாள். "நான் சொன்ன சொல்ல மாத்தல. குளவி எவ படத்துல உக்காருதோ அவளுக்குத்தான். இன்னைக்கு மூத்தவ படத்துல உக்காந்துட்டு."

மஞ்சளில் நனைத்த தொட்டில் துணி கொடியில் காய்ந்துகொண்டிருக்கிறது. விடிந்தால் வெள்ளி. கூடு தன்னிடம் என்கிறாள் கோமதி. குளவியே தன்னிடம், ஆணியும் தன்னுடையது என்கிறாள் செண்பகவல்லி. சொன்ன சொல் மாறவில்லை என்கிறார் மாமியார். தொட்டிலை யார் பெயரில் கட்டுவது? இந்த மூவரில் யார் சொன்னது சரி?

விடை: கோமதி சொன்னதே சரி. மண்குளவி தன் கூட்டை நினைவில் வைப்பதில்லை, கூடு இருந்த இடத்தைத்தான் வைக்கிறது. அறைகளை அடைத்த பிறகு எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பூச்சு பூசும். வியாழனன்று வந்தது அந்தப் பூச்சு மண். அடியில் கூடு இல்லை என்பதை அறியாமலே பூசிவிட்டுப் போனது. ஆணி தன்னுடையது என்று செண்பகவல்லி சொன்னதிலும் பொய்யில்லை. தவறு உலகம்மாளிடம். அவருக்கும் இடம்தான் கணக்கு. எதிர் ஆணியில் யார் படம் தொங்கினாலும் முந்திரி அவள் தட்டில்தான் விழும். இதை முதலில் புரிந்துகொண்டவள் செண்பகவல்லி. வெள்ளி காலை கொண்டை ஊசியால் தன் படத்து மண்ணைக் குத்திப் பார்த்தாள். ஊசி நேரே மரத்தில் முட்டியது. "கோமதி பேருக்கே கட்டுங்க அத்தை" என்றாள். படத்தை மட்டும் பழைய இடத்துக்கு மாற்றவில்லை.