வாய்நிறைய மணல்

"மேடம், ஒரு உயிரைக் கொல்லப் பார்த்துட்டேன்."

கொளத்தூரில் இருக்கும் அந்த வளர்ப்புக் கடல்மீன் கடைக்குள் நுழையும்போதே தணிகாசலம் இப்படித்தான் ஆரம்பித்தார். கையில் மூடி போட்ட பக்கெட்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அவர் குருவாக வரித்துக்கொண்ட கடைக்காரர் ஹசீனாவுக்கு முப்பதுதான் இருக்கும். குரு என்றால் ஹசீனாவுக்குக் கோபம் வரும். அதனால் மேடம்.

ஹசீனா பக்கெட்டைத் திறந்தார். உள்ளே ஒரு கோபி மீன். மணலை வாயால் அள்ளி, அதிலிருக்கும் பூச்சி புழுவைத் தின்றுவிட்டு, மணலைச் செவுள் வழியாக உதிர்க்கிற ஜாதி. வயிறு ஒட்டிப்போயிருந்தது.

"எப்பலேர்ந்து சாப்பிடல?"

"தொட்டியிலேர்ந்து மணலை எடுத்ததிலேர்ந்து."

"ஏன் எடுத்தீங்க?"

தணிகாசலம் கொட்டித் தீர்த்தார். நீச்சல்குளத்து ஃபில்டரில் போடுகிற மணலை வாங்கிப் போட்டாராம். மலிவு. கொஞ்ச நாளில் மணல், கண்ணாடி எல்லாம் பழுப்பாகிவிட்டது. மீன் வளர்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம். மலிவு மணல் விஷம் என்றார் ஒருவர். தொட்டியே போச்சு என்று கையை விரித்தார் இன்னொருவர். அன்றைக்கே மணலை மொத்தமாக வாரி எடுத்துவிட்டார்.

"மணல் இருந்தப்ப தொட்டியில வளர்ற பவளம் ஏதாவது செத்துச்சா?"

"இல்ல மேடம்."

"மீன்?"

"நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் தூக்கம் போச்சு."

ஹசீனா பக்கெட்டை மூடிவைத்தார்.

"இருக்கிறதிலேயே விலை கூடின மணலைக் குடுங்க மேடம். உயிர் விஷயம்."

ஹசீனா ஒரு துணியை நீட்டினார்.

"அந்த மூலைத் தொட்டியைக் கொஞ்சம் துடைங்க சார்."

வாடிக்கையாளரை வேலை வாங்குவது ஹசீனாவுக்குப் புதிதல்ல. தணிகாசலம் கையை விட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். துணி பழுப்பானது.

"நீங்களும் அந்த மலிவு மணல்தானா?"

ஹசீனா தொட்டிக்கு அடியில் கிடந்த காலிப் பையை எடுத்துக் காட்டினார். வெளிநாட்டுப் பவள மணல். கடையிலேயே அதைவிட விலை கூடியது கிடையாது.

தணிகாசலம் பையைப் பார்த்தார். துணியைப் பார்த்தார்.

"இதுக்கும் வருமா?"

"புதுத் தொட்டி சார். பழுப்புப் பாசி வரும், தானா போயிடும். உங்க மணல் எங்க?"

"வண்டியில இருக்கு. தூக்கிப் போடத்தான் எடுத்துட்டு வந்தேன்."

"கொண்டாங்க."

ஹசீனா மணலை ஒரு தட்டில் பரப்பி, மேலே காந்தத்தை ஓட்டினார். இரும்புத் தூள் எதுவும் ஒட்டவில்லை. விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். குத்தவில்லை.

"சாயம் கீயம் போட்டதா?"

"இல்ல மேடம். வெறும் மணல்."

"பீச்சுல அள்ளினது எதுவும் கலக்கலையே?"

"ஐயையோ, இல்ல."

"கழுவினீங்களா?"

"கை ஊறிப்போற அளவுக்கு."

உப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த, மீன் இல்லாத ஒரு தொட்டியில் ஹசீனா மணலைக் கொட்டினார். தண்ணீர் கலங்கியது. தணிகாசலத்தின் முகமும் கலங்கியது. தண்ணீர் தெளியட்டும் என்று டீ வரவழைத்தார்கள். அதற்குள் அந்தத் தொட்டித் தண்ணீரையே பக்கெட்டில் சொட்டுச் சொட்டாக விட்டு மீனைப் பழக்கினார் ஹசீனா. பிறகு தொட்டியில் விட்டார்.

மீன் மணல்மேல் அசையாமல் கிடந்தது.

தணிகாசலம் டீயைக் குடிக்கவே இல்லை.

மீன் தலையைக் கவிழ்த்தது. ஒரு வாய் அள்ளியது. இரண்டு செவுளிலிருந்தும் மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. இன்னொரு வாய் அள்ளியது.

"சாப்பிடுது மேடம்," என்றார் தணிகாசலம். அப்பாடா என்று அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மனுஷ மனசு அதோடு விடுமா?

"இருந்தாலும் மேடம், பாதிக்குப் பாதி அந்த வெளிநாட்டு மணலையும்..."

மீன் அதற்குள் ஒரு பள்ளம் தோண்டியிருந்தது. வாலை மட்டும் வெளியே நீட்டி, வாரி வாரி இறைத்துக்கொண்டிருந்தது.

"பாதிக்குப் பாதி?" என்றார் ஹசீனா.

தணிகாசலம் அந்த வாலையே பார்த்தார். சிரித்தார்.

"ஒண்ணுமில்ல மேடம். இவனை எப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்?"

"சாப்பிட்டு முடிக்கட்டும் சார். டீயைக் குடிங்க."