எந்த மீன் கடித்தது?

தூத்துக்குடியில் தவசிமுத்து என்றொரு உப்பள முதலாளி பழங்காலத்துப் பொய்மீன்களைச் சேர்த்துவந்தார். நிஜ மீனை ஏமாற்றித் தூண்டிலுக்கு இழுக்கும் மரமீன்கள் அவை. மொத்தம் நாற்பத்திரண்டு. அவற்றைத் தூசி தட்டி வைப்பது சலேத்தம்மாளின் வேலை.

ஒருநாள் விலைக்கு வாங்க வந்த சென்னைக்காரரிடம் முதலாளி ஒன்றை நீட்டினார். "நூறு வருஷத்துச் சரக்கு. பல் தடத்தைப் பாருங்க, ராட்சச மீன் கடிச்சது!"

சலேத்தம்மாள் சிரித்துவிட்டாள். மீன் விற்றே தலை நரைத்தவள் அவள். இத்தனை பட்டையான பல் எந்த மீனுக்கும் கிடையாது.

"ஏட்டி, என்ன இளிப்பு? எந்த மீன் கடிச்சதுன்னு நீயே சொல்லு. சொல்லலேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே!"

"சொல்லுதேன் மொதலாளி. கொய்யாப்பழம் சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க" என்று தட்டை வைத்தாள்.

முதலாளி ஒரு கடி கடித்துவிட்டு, "ம், சொல்லு!" என்று பழத்தைக் கீழே வைத்தார். அதை எடுத்துப் பொய்மீனுக்குப் பக்கத்தில் வைத்தாள் சலேத்தம்மாள். சென்னைக்காரர் பூதக்கண்ணாடியில் பார்த்தார். இரண்டிலும் ஒரு பக்கம் மூன்று பல், நடுவில் ஒரு சந்து, மறுபக்கம் இரண்டு பல்.

"இந்த மீன் கடல்லே கிடைக்காதுய்யா" என்றாள் அவள். "உப்பளத்துப் பக்கம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

மற்ற நாற்பத்தொன்றையும் ஒத்துப்பார்க்க, சென்னைக்காரர் கொய்யாவும் கையுமாக அலமாரியை நோக்கிப் போனார்.

மறுநாளும் சலேத்தம்மாள் வேலைக்கு வந்தாள். அவளைப் போகச் சொல்வதென்றால் முதலாளி வாயைத் திறந்தாக வேண்டுமே!