கைவிட்டோம் என்ற சொல்

ராஜாக்களின் கதை நிறையக் கேட்டிருப்பீர்கள். இது ராஜா எட்டிக்கூடப் பார்க்காத ஒரு கடற்கரையில் முன்னொரு காலத்தில் நடந்தது. அலைவாய்க்கரை என்று பேர். வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள் ஊர். அங்கே ராஜா, நீதிபதி எல்லாம் ஊர்த்தலைவர் சந்தியாகு ஒருவர்தான். கையில் கருங்காலிக் கோல், வாயில் சட்டம். லஞ்சம் வாங்க மாட்டார், சொந்தக்காரன் என்று பார்க்க மாட்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் சிரித்து யாரும் பார்த்ததில்லை!

ஊருக்கே சோறு போட்டது கரைவலை. படகில் கொண்டுபோய் வளைத்துப் போட்ட வலையை, ஊரே கரையில் நின்று கயிறு பிடித்து இழுக்கும். கயிற்றின் கடைசியில் நிற்பவன்தான் முக்கியம். முன்னால் நிற்பவர்கள் கை மாற்றும்போது வலையின் முழுப் பாரமும் அவன் கையில் நிற்கும். அவன் விட்டால் எல்லாம் போச்சு.

அதனால் ஊரில் ஒரே ஒரு பெரிய சட்டம். கயிற்றைக் கைவிட்டவனைக் கரை கைவிடும். தலைவர் கோலைத் தூக்கி "கைவிட்டோம்" என்பார், ஊரும் கூடவே சொல்லும். மூன்று தடவை சொல்லிவிட்டால் அவன் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான். குடித்துவிட்டுக் கயிற்றை விட்டான் ஒருவன், போனான். சண்டைக்குப் பாய்ந்ததில் கயிற்றை விட்டான் இன்னொருவன், அவனும் போனான். சந்தியாகு கண்ணை இமைக்கவில்லை.

மூன்றாவதாக வந்து மாட்டினான் லாசர். பாவம், சாதுவான ஆள். அன்று கடைசிக் கயிறு அவனுடையது. வீட்டில் பெண்டாட்டி கித்தேரிக்கு நிறைமாசம், காலையிலிருந்தே இடுப்புவலி. அவன் நினைப்பெல்லாம் அங்கேதான். வலையோ நிறைந்து கனத்து வருகிறது. அந்த நேரம் பார்த்துக் கோயிலில் திரிகால ஜெபத்துக்கு உச்சிமணி அடித்தது.

மணி கேட்டால் நெற்றியில் சிலுவை போடுவது சின்னப் பிள்ளையிலிருந்து பழகின பழக்கம். கயிறு பிடித்தவன் மட்டும் வாயால் ஜெபித்தால் போதும், கையை எடுக்கக் கூடாது. லாசருக்கு அது தெரியாதா? தெரியும். ஆனாலும் "ஆண்டவரே, என் கித்தேரி" என்று மனசு சொன்னதுமே கை தானாக நெற்றிக்குப் போய்விட்டது.

கயிறு சீறிக்கொண்டு ஓடியது. முன்னால் நின்ற குருசு என்பவனின் கையைச் சுற்றி, அவனைத் தண்ணீர்வரை இழுத்துப் போட்டது. தோள்பட்டை விலகி அவன் அலறினான். வலை பாறையில் மோதிக் கிழிந்தது. அத்தனை மீனும் கடலுக்கே போயிற்று.

சாயங்காலம் ஊர் கூடியது. "சாமி கும்பிடத்தானே கையை எடுத்தான், விட்டுவிடுங்கள்" என்றார்கள் பாதிப்பேர். தோளைக் கட்டிக்கொண்டு வந்த குருசு கத்தினான். "நல்லா இருக்கே நியாயம்! அவன் கும்பிட்டதுக்கு என் கை போகணுமா? சும்மா விட்டுட்டா என் பிள்ளைகளுக்கு யாரு கஞ்சி ஊத்துவா?"

அவன் கேட்டதும் நியாயம்தானே?

சந்தியாகு லாசரைப் பார்த்தார். "ஏலே, நீ என்ன சொல்லுதே?"

"தப்பு என்னுதுதான் ஐயா. ஜெபத்தைச் சாக்கு சொல்ல மாட்டேன்."

தலைவர் கோலைத் தூக்கினார். "கைவிட்டோம்." ஊரும் சொன்னது. இரண்டாம் தடவை தூக்கினார். "கைவிட்டோம்." ஊரில் பாதிதான் சொன்னது. வலியோடு நடந்தே வந்து நின்ற கித்தேரி ஓவென்று அழுதுவிட்டாள். "கடல் கைவிட்டா கரைக்கு வரலாம் ஐயா. கரையே கைவிட்டா நாங்க எங்க போவோம்?"

மூன்றாம் தடவை கோல் தூக்கினபடியே நின்றது. அந்தச் சொல் சந்தியாகுவின் வாயில் வரவில்லை. 'ஆண்டவரே, என்னைக் கைவிடாதேயும்' என்று காலையில் முழங்காலில் நின்று கெஞ்சினது இதே வாய்தானே! என்ன யோக்கியதையில் அதைக் கேட்டோம் என்று நினைத்தார். ஊர் பார்க்க அழுதார்.

சட்டத்தை அப்படியே தூக்கிப் போடவும் அவரால் முடியாது. இன்றைக்கு ஒரு தோள், நாளைக்கு ஒரு உயிர். மெல்லக் கோலை மணலில் வைத்துவிட்டு, லாசர் பக்கத்தில் போய் நின்றார்.

"குருசு தோள் ஆறுகிறவரைக்கும் லாசர் கயிற்றைத் தொடக் கூடாது. குருசு வீட்டுக்குத் தண்ணி சுமக்கட்டும், விறகு வெட்டட்டும். லாசர் இடத்தில் கடைசிக் கயிற்றை நான் பிடிப்பேன். என் பங்கு குருசு வீட்டுக்கு. கிழிந்த வலைக்குப் பதில் என் சொந்த வலை ஊருக்கு. முன்னே துரத்தினோமே, அந்த ரெண்டு பேருக்கும் ஆள் அனுப்புங்க, திரும்பி வரட்டும். அவங்க பக்கத்துல நான் இப்படி வந்து நிக்கலையே!"

குருசு கட்டுப்போட்ட தோளைப் பிடித்துக்கொண்டே முன்னால் வந்து, "சரி, எனக்குச் சம்மதம்" என்றான்.

மறுநாளிலிருந்து சந்தியாகு கயிறு பிடித்தார். கோல் பிடித்த கை ஐயா அது! கொப்புளம் கிளம்பி, உடைந்து, ரத்தம் கசிந்தது. விடவில்லை. லாசர் தண்ணீர் சுமந்தான். கித்தேரிக்குப் பெண்பிள்ளை பிறந்தது.

குருசின் தோள் ஆறியது. அன்றைக்கு வலை கனத்து வந்தது. "வாலே, வந்து பிடி" என்று எல்லோரும் கூப்பிட்டும் லாசர் தள்ளியே நின்றான். "கயிற்றைத் தொட எனக்கு யோக்கியதை இல்லை" என்று தலையைக் குனிந்துகொண்டான். கடைசிக் கயிற்றில் தள்ளாடிய சந்தியாகு திரும்பிப் பார்த்து ஒரு கத்துக் கத்தினார். "யோக்கியதை யாருக்குலே இருக்கு? எனக்குக் கை எரியுது, ஓடி வந்து பிடிலே!"

லாசர் அழுதுகொண்டே ஓடிவந்து பிடித்தான். அன்றைக்குத்தான் அலைவாய்க்கரை சந்தியாகு சிரித்துப் பார்த்தது.

ஆகையால் கேட்டுக்கொள்ளுங்கள்: தீர்ப்புச் சொல்ல அதிகாரம் பெற்றவர், குற்றவாளியின் பாரத்தைத் தானும் சேர்ந்து சுமக்கும்போதுதான் நீதியும் நிற்கும், கிருபையும் நிற்கும்.