மேல்தட்டுப் புத்தகங்கள்

குழந்தைவேலுவின் வலது கை நெஞ்சு உயரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் எழும்பாது. மடத்துப் பூசையில் தீபாராதனை காட்டும்போது அத்தனை பேர் கைகளும் தலைக்கு மேல் குவியும். அவர் மட்டும் கடைசித் தூணுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் நின்றுகொள்வார்.

தோளில் தசைநார் அறுந்துவிட்டது, இந்த வயதில் தைத்தாலும் நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மரத்திலிருந்து விழுந்து போன கை இல்லை. புத்தகம் அடுக்கிப் போன கை. சொன்னால் சிரிப்பார்கள் என்று அவர் யாரிடமும் சொல்வதில்லை.

மடத்து நூலகத்தில் இருபத்திரண்டு வருடமாக அவர்தான் எல்லாம். உரையோடு அச்சான பதிகத் தொகுதிகள் அங்கே பதினாறு உண்டு. ஒவ்வொன்றும் அம்மிக் குழவி கனம் கனக்கும். காலையில் ஓதுவார்களுக்கு இறக்கிக் கொடுக்க வேண்டும், சாயங்காலம் திரும்ப ஏற்ற வேண்டும். இடமோ அலமாரியின் மேல்தட்டு. குதிகாலை உயர்த்தி எக்கினால்தான் எட்டும். அவர் இரண்டிரண்டாகச் சேர்த்துத் தூக்கி எக்குவார். மூலையில் ஒரு ஸ்டூல் கிடந்தது. சாமி பாட்டைத் தூக்கிவைக்க ஸ்டூல் ஒரு கேடா என்று அதைத் தொடவே மாட்டார்.

வலித்தபோது தைலம் தேய்த்துக்கொண்டார். வலி கூடக் கூடப் பக்தியும் கூடுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

கை போனபிறகு சடையப்பன் வந்தார். நாற்பது வயது, அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். குழந்தைவேலு நாற்காலியில் உட்கார்ந்து இடம் சொல்ல, சடையப்பன் அடுக்குவார்.

மூன்றாவது மாதம் ஒரு சாயங்காலம், கடைசித் தொகுதியை ஏற்றிவிட்டுச் சடையப்பன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லண்ணே. சின்னச் சுளுக்கு."

"மூட்டை தூக்கின ஆளுக்கு இதுக்கே சுளுக்கா?"

"மூட்டைய முதுகுலதாண்ணே ஏத்துவாங்க. தலைக்கு மேல எக்கச் சொல்ல மாட்டாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஏழு வருடத்துக்கு முன்னால் குழந்தைவேலு சொன்னதும் இதே சின்னச் சுளுக்குதான். சடையப்பனை அவர் உடனே எச்சரித்திருக்க வேண்டும். அதற்குப் பதில், தனக்கு ஒரு துணை வருகிறது என்று உள்ளுக்குள் ஓர் ஆறுதல் எட்டிப் பார்த்தது. அது என்ன ஆறுதல் என்று புரிந்ததும் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாகிவிட்டது.

மறுநாள் காலை, ஓதுவார்கள் வருவதற்கு முன்பே மடத்துத் தலைவரான சாமியிடம் போனார். முந்தைய மடாதிபதியான பெரியவர் சமாதியானபிறகு பட்டத்துக்கு வந்தவர் இந்தச் சாமி. வயது முப்பத்தாறு. மகன் வயதுதான், ஆனாலும் குழந்தைவேலுவுக்கு அவர்தான் குரு.

"சாமி, சடையப்பனுக்கும் கை போயிடும்போல இருக்கு."

"என்ன செய்யலாம் ஐயா?"

"வேற ஆள் பாருங்க."

"அவருக்கும் போனா?"

குழந்தைவேலு தன் தோளைத் தடவிக்கொண்டார். சாமியே தொடர்ந்தார்.

"புத்தகத்தைக் கீழ இறக்கி வச்சா?"

"வேண்டாம் சாமி. சாமி பாட்டு அது. எல்லாத்துக்கும் மேலதான் இருக்கணும்."

"யார் சொன்னது?"

குழந்தைவேலு தலையைக் குனிந்துகொண்டார். "யாரும் சொல்லலை. நான் வந்தப்ப நடுத்தட்டுலதான் இருந்துச்சு. எனக்கு மனசு கேக்கலை. நானேதான் மேல ஏத்தினேன். பெரியவர் பாத்துட்டு, நல்ல பக்தின்னார்."

சாமி எழுந்து நூலகத்துக்கு நடந்தார். குழந்தைவேலு பின்னாலேயே போனார்.

நடுத்தட்டில் கிடந்த பழைய பஞ்சாங்கங்களைச் சாமி ஒதுக்கினார். மூலையில் தூசி படிந்து கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். ஒரு தொகுதியை எடுத்து, நெஞ்சோடு அணைத்தபடி இறங்கி, நடுத்தட்டில் வைத்தார். மறுபடி ஏறினார். தடவைக்கு ஒன்றுதான். அவசரமே படவில்லை. சடையப்பன் உதவிக்கு ஓடி வந்தார்.

"நீங்க தோளை ஆறவிடுங்க," என்றார் சாமி.

நாலாவது தொகுதி இறங்கும்போது குழந்தைவேலுவால் பொறுக்க முடியவில்லை.

"நிறுத்துங்க சாமி. இன்னிக்கு இவ்வளவு சுலபமா இறக்க முடியும்னா, அன்னிக்கே இறக்கியிருக்கலாமே. அப்போ என் கை எதுக்குப் போச்சு?"

சாமி புத்தகத்தோடு நின்றார்.

"ஏதாவது ஒரு காரணம் சொல்லுங்க சாமி. பொய்யா இருந்தாலும் பரவாயில்லை. அதை வச்சுக்கிட்டு மிச்சக் காலத்தை ஓட்டிடுவேன். கும்பிட முடியாம தினமும் தூணுக்குப் பின்னால நிக்கறேன்."

சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியவரைப் போல இவரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். குழந்தைவேலு அதற்குத்தான் ஏங்கிக்கொண்டு நின்றார்.

"ஒண்ணுக்கும் இல்லை ஐயா," என்றார் சாமி.

குழந்தைவேலு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தோளைத் துண்டால் மூடிக்கொண்டு, சடையப்பன் பார்க்கிறாரே என்ற கூச்சம்கூட இல்லாமல் அழுதார். இருபத்திரண்டு வருடமும் ஒரு வார்த்தையில் போய்விட்டது.

சாமி சமாதானம் சொல்லவில்லை, வேலையை நிறுத்தவும் இல்லை. ஸ்டூலில் ஏறுவதும் இறங்குவதும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பதினைந்து தொகுதிகள் நடுத்தட்டுக்கு வந்தன. பதினாறாவதைக் கையில் எடுத்துக்கொண்டு குழந்தைவேலுவின் முன்னால் வந்து நின்றார்.

"எழுந்திருங்க ஐயா. இதை நீங்க வைங்க."

"என்னால எங்க சாமி முடியும்?"

சாமி நடுத்தட்டில், நெஞ்சு உயரத்தில் காலியாக இருந்த ஓர் இடத்தைப் பார்த்தார்.

"இந்த உயரத்துக்கு உங்க கை வரும்," என்றார்.