இருந்தாலும் என்று நின்ற வரி

கடலை ஒட்டிய சின்ன கிரேக்க ஊர் அது. வடக்கிலிருந்து குதிரைக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். பக்கத்து ஊர் மூன்று நாளாக எரிந்தது. நாளைக் காலை இங்கே என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஊரில் திமாந்தர் என்றொரு கவிஞர் இருந்தார். அவர் எதையும் எழுதி வைப்பதில்லை. நடந்துகொண்டே பாட்டுக் கட்டுவார். முதல் வரி நீளம். அதற்கு ஆறு தப்படி முன்னால் போவார். இரண்டாம் வரி குட்டை. அதற்கு ஐந்து தப்படி பின்னால் வருவார்.

போன மாதம் ஆற்றுத்துறைச் சண்டையில் ஆண்களில் பாதிப் பேர் மாண்டுபோனார்கள். அதனால் பெண்களும் மதில்மேல் நிற்பது என்று முடிவாகியிருந்தது. எறிவதற்காக வீட்டுக் கூரை ஓடுகளைப் பிரித்து மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஓட்டுக்கூடையோடு போன ஒருத்தி நின்றாள். "ஐயா, ஆறு போய் ஐந்து திரும்பி வருகிறீர்கள். ஊர் வாசலை எந்தக் காலத்தில் தொடுவீர்கள்?"

"குதிரைக்காரனுக்கு முன்னால் தொட்டுவிடுவேன். நீ ஓட்டை உடைக்காமல் கொண்டுபோய்ச் சேர்."

அன்று அவர் ஒரு புதுப் பாட்டை மதிலில் நிற்கப்போகிறவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். ஆளுக்கு ஒரே ஒரு வரி. நீள வரி ஒருவருக்கு, அதை முடிக்கிற குட்டை வரி பக்கத்தில் நிற்பவருக்கு. முழுப் பாட்டு யார் கையிலும் இல்லை.

கடைசியாக மிர்த்தோ வந்தாள். அவருடைய சீடர்களில் மிஞ்சியவள் அவள் ஒருத்திதான். அவள் கணவன் அவருடைய பாட்டுகளுக்குக் குழல் ஊதியவன், ஆற்றுத்துறையில் இறந்துபோனான். ஏழு மாதப் பையன் இருந்தான். மற்றக் குழந்தைகளோடு அவனையும் ஆர்த்தெமிஸ் தேவியின் கோயிலுக்குள் கிழவிகளிடம் விட்டிருந்தாள்.

"ஆசானே, இந்தப் பாட்டால் பயம் போகுமா?"

"போகாது."

"பிறகு எதற்கு இது?"

அவர் மதிலைக் கைகாட்டினார். "உன் இடம் கோயிலுக்கு நேர் எதிரே உள்ள மதில். பக்கத்தில் லாம்பிஸ்," என்றார்.

லாம்பிஸ் தோல் பதனிடுகிறவன். அந்தப் பெயரைக் கேட்டதும் மிர்த்தோவின் முகம் மாறியது.

"அவனா?"

"அவன்தான்."

"ஆற்றுத்துறையில் என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றவன் யார் என்று உங்களுக்குத் தெரியும். கேடயத்தை இடது கையில் பிடிக்கிறார்கள். பாதி தனக்கு, பாதி இடப்பக்கம் நிற்பவனுக்கு. இவன் அதைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான். ஊரே பார்த்தது. சின்னப் பிள்ளைகள்கூட அவனைக் கண்டால் கேடயத்தை எறிவதுபோலக் கையை வீசிக் காட்டிச் சிரிக்கின்றன."

"ஆமாம். நானும் பார்த்தேன்."

"அந்த மதிலுக்குப் பின்னால் என் பிள்ளை இருக்கிறான். வேறு ஆளைக் கொடுங்கள்."

"வேறு ஆள் இல்லை."

"அப்படியானால் உங்கள் வரி எனக்கு வேண்டாம். தனியாக நின்றுகொள்கிறேன்." அவள் திரும்பி நடந்தாள்.

திமாந்தர் அவளைக் கூப்பிடவில்லை. லாம்பிஸுக்குக் கொடுத்திருந்த நீள வரியைத் தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார்:

"அடியில் கல் போட்டவன் போனான், அதன்மேல் கல் அடுக்கியவனும் போனான், இருந்தாலும்..."

அங்கேயே நிறுத்தினார். மடியிலிருந்து ஒரு அத்திப்பழத்தை எடுத்துத் துடைத்துத் தின்னத் தொடங்கினார்.

மிர்த்தோ நாலு தப்படி போய் நின்றாள். காத்திருந்தாள். அவர் காம்பைக் கிள்ளித் தூர எறிந்தார்.

"இருந்தாலும்?" என்றாள், திரும்பாமல்.

"அடுத்தது உன் வரி. வேண்டாம் என்று சொன்னாயே."

"சொல்லி முடியுங்கள்."

"போகிறேன் என்றவள் ஏன் இன்னும் நிற்கிறாய்?"

அவர் இரண்டாவது பழத்தை எடுத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் திரும்பி வந்தாள். "புரிகிறது. பாதி வரியாலேயே என்னை நிறுத்திவிட்டீர்கள். அவனையும் இது நிறுத்தும் என்று எப்படி நம்புவது? ஒரு தடவை ஓடின கால் அது."

"காலையில் லாம்பிஸ் இங்கே வந்திருந்தான்," என்றார் அவர்.

"எதற்கு?"

"வேறு ஆள் கேட்டு."

"என்னை விட்டுவிட்டு வேறு ஆளா? அவனா கேட்டான்?"

"அவன்தான். 'பிள்ளைக்காரி. பின்னால் கோயிலில் குழந்தை அழுதால் ஓட்டைப் போட்டுவிட்டு இறங்கி ஓடிவிடுவாள். என் வரி அந்தரத்தில் நிற்கும். நானும் தனியாக நிற்பேன்,' என்றான்."

"நானா ஓடுவேன்?" என்றாள் மிர்த்தோ.

அப்போது கோயிலிலிருந்து ஒரு அழுகை கேட்டது. உள்ளே முப்பது குழந்தைகள் இருந்தார்கள். அது யாருடைய அழுகை என்று அவளுக்குத் தெரிந்தது. மார்பில் துணி நனைந்தது. அவள் அறியாமலே ஒரு கால் கோயில் பக்கம் திரும்பியிருந்தது.

திமாந்தர் அந்தக் காலைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"நீங்கள் அவனுக்கு என்ன சொன்னீர்கள்?" குரல் இறங்கியிருந்தது.

"'அவள் நிற்பாளா என்று எனக்குத் தெரியாது,' என்றேன்."

"அவ்வளவுதானா?"

"உனக்கும் அதையேதான் சொல்வேன். அவன் நிற்பானா என்று எனக்குத் தெரியாது."

"அதைக் கேட்டு அவன் என்ன செய்தான்?"

"தன் வரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்."

அழுகை ஓங்கியது. "போ, பால் கொடு," என்றார். "இன்னும் நாளை ஆகவில்லை."

அவள் ஓடினாள்.

வெயில் சாயும்போது திரும்பி வந்தாள். மேலாடையை இறுக்கிக் கட்டியிருந்தாள். இடுப்பில் ஒரு கூடை ஓடு.

கோயிலுக்குள் குழந்தை மறுபடி அழுதது. திமாந்தர் தலையைத் தூக்கினார்.

"வயிறு நிறைந்திருக்கிறது," என்றாள் மிர்த்தோ. "தூக்கத்துக்கு அழுகிறான். கிழவி தட்டிக்கொடுப்பாள்." அவள் கால் அசையவில்லை. "என் வரியைக் கொடுங்கள்."

அவர் சொன்னார்:

"சுவர் இருக்கிறது, நான் அதன்மேல் நிற்கிறேன்."

அவள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். 'நிற்கிறேன்' என்கிற இடத்தில் குரல் உடைந்தது. மறுபடி சொன்னாள். மூன்றாவது முறை உடையவில்லை.

மதில்மேல் லாம்பிஸ் தெரிந்தான். புதிதாகத் தோல் இழுத்துக் கட்டிய கேடயத்தை இடது கையில் மாட்டிக்கொண்டு, யாரும் இல்லாத மதிலில் ஒற்றை ஆளாக நின்று தன் வரியைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தான். அவன் குரலும் நடுங்கியது. ஒவ்வொரு தடவையும் 'இருந்தாலும்' வரை வந்து நின்றது.

மிர்த்தோ ஏணியடிக்குப் போனாள். கூடையைத் தலைக்கு மாற்றினாள்.

"ஆசானே, நான் அவனுக்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?"

"இடப்பக்கம்," என்றார் திமாந்தர். "உன் வீட்டுக்காரன் நின்ற பக்கம்."

அவள் ஏணியில் கால் வைத்தாள்.